கடவுள் சித்தமா? மனிதர் சம்மதமா?

(முகப்பேர் பொதுக்கூட்டத்தில் நாம் பேசியதன் சாரம்)



மேல்நாட்டு அறிஞர்கள் அரசாங்கத்தைப் பற்றியும் சமூகத்தைப் பற்றியும் சொன்னதைப் பேசும்படி நமக்குக் கட்டளை. முகப்பேரில் இருக்கிறவனுக்குக் கிரேக்கனைப் பற்றியும் இங்கிலீஷ்காரனைப் பற்றியும் என்ன கவலை என்று கேட்பீர்கள். கவலை உண்டு என்று காட்டவே வந்திருக்கிறோம்.

இந்த ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். மகப்பேறு என்பதுதான் முகப்பேர் ஆயிற்று என்றும், இங்குள்ள சந்தான சீனிவாசப் பெருமாளை வேண்டினால் பிள்ளை பிறக்கும் என்றும் சொல்லுகிறார்கள். பிள்ளையில்லாதவர் துக்கத்தைப் பரிகாசம் செய்ய நாம் வரவில்லை. ஆனால் பிள்ளையைச் சாமி கொடுத்தார் என்று நம்புகிறவனிடம், அப்பிள்ளையின் ஜாதியையும் சாமியே கொடுத்தார் என்று சொல்லுவது வெகு சுலபம். ராஜாவையும் அவரே கொடுத்தார் என்று சொல்லுவது அதைவிடச் சுலபம். இந்தப் புரட்டு மேல்நாட்டிலும் நடந்ததுதான்.

சுமார் 2400 வருஷங்களுக்கு முன் பிளேட்டோ என்பவர் ‘குடியரசு’ என்று ஒரு நூல் எழுதினார். பெரியார் 1925-ல் தொடங்கிய பத்திரிகைக்கும் அதே பெயர்தான். ஆனால் சரக்கு வேறு. ஆளுகிறவன் உடம்பில் கடவுள் தங்கத்தையும், போர் வீரன் உடம்பில் வெள்ளியையும், உழவன், தொழிலாளி உடம்பில் இரும்பையும் பித்தளையையும் கலந்து படைத்தார் என்று ஜனங்களுக்குக் கதை சொல்ல வேண்டும் என்றார் பிளேட்டோ. முகத்தில் பிறந்தவன், தோளில் பிறந்தவன், தொடையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்ற நம்மூர்க் கதைக்கு இது தம்பி அல்லவா? ஆனால் ஒரு வித்தியாசம். இது கட்டுக்கதை என்பதை பிளேட்டோ தாமே ஒப்புக்கொண்டார். இரும்புக்குப் பிறந்த பிள்ளையிடம் தங்கம் தெரிந்தால் மேலே ஏற்று என்றும் சொன்னார். நம்மவர்களோ பொய்யை வேதம் என்றார்கள், ஏணியையும் எடுத்துவிட்டார்கள்!

பிறகு இங்கிலாந்தில் பில்மர் என்பவர், கடவுள் ஆதாமுக்குக் கொடுத்த அதிகாரமே வழிவழியாக ராஜாக்களுக்கு வந்தது என்று எழுதினார். ஜான் லாக் என்பவர் 1689-ல் வெளியிட்ட நூலில் அதைத் தவிடுபொடியாக்கினார். மனிதர் பிறவியில் சமமானவர். அவர்கள் சம்மதித்து ஒப்படைத்த காரியமே ஆட்சி. நம்பிக்கைத் துரோகம் செய்தால் அதை மாற்ற ஜனங்களுக்கு உரிமை உண்டு என்றார். ரூஸோ 1762-ல் ‘சமுதாய ஒப்பந்தம்’ எழுதினார். அவர் பிறந்த ஜெனீவாவிலேயே அந்நூலைக் கொளுத்தினார்கள்!

இப்படிச் சொல்வதால் இவர்களைப் புது ரிஷிகளாக்கிக் கும்பிடச் சொல்லுகிறோம் என்று எண்ணாதீர்கள். சுதந்திரம் பேசிய லாக், அடிமை வியாபாரக் கம்பெனியில் பங்கு வைத்திருந்தார். ரூஸோ பெண்ணை ஆணுக்கு ஏற்றபடி வளர்க்க வேண்டுமென்றார். மில் என்பவர் 1867-ல் பார்லிமெண்டில் பெண்களுக்கு ஓட்டுக் கேட்டவர். ஆனால் 35 வருஷம் கிழக்கிந்தியக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்து, நம் போன்ற நாட்டாருக்குச் சுதந்திரம் இப்போது பொருந்தாது என்று எழுதியவர். அவர்கள் கொடுத்த அளவுகோலைக் கொண்டே அவர்களையும் அளப்போம். பகுத்தறிவுக்கு வேறு பொருள் இல்லை.

நிற்க, நம் நாட்டில் என்ன நடந்தது? 1949 அக்டோபர் 17-ந் தேதி அரசியல் நிர்ணய சபையில், சட்டத்தின் முகவுரையைக் கடவுள் பெயரால் தொடங்க வேண்டுமென்று காமத் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஓட்டு எடுத்தார்கள். சாதகம் 41, பாதகம் 68. கடவுள் பெயர் இல்லாமல், ‘மக்களாகிய நாம்’ என்றே அது தொடங்கிற்று. அதற்கடுத்த மாதம் 25-ந் தேதி அம்பேத்கர் அதே சபையில் எச்சரித்தார்: அரசியலில் சமத்துவமும், சமூக வாழ்விலும் பொருளாதாரத்திலும் அசமத்துவமும் இருந்தால் இந்த ஜனநாயகம் நிலைக்காது என்று.

அந்தச் சமூக வாழ்வு எங்கே தொடங்குகிறது? கல்யாணத்தில். 1928-ல் சுக்கிலநத்தத்தில் புரோகிதன் இல்லாமல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. பெரியார் அதை ஒப்பந்தம் என்றே சொன்னார். 1953-ல் சென்னை ஹைகோர்ட்டு அப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்றது. 1967-ல் அண்ணா ஆட்சி சட்டம் செய்து, முன் நடந்தவைகளும் செல்லும் என்றாக்கிற்று. மந்திரம் வேண்டாம்; உறவினர், நண்பர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்று, மாலையோ மோதிரமோ மாற்றினால் அல்லது தாலி கட்டினால் போதும். சமுதாய ஒப்பந்தம் நம் வீட்டு வாசலுக்கு வந்தது இப்படித்தான்.

ஆகவே தோழர்களே! ராஜா கடவுள் சித்தம் என்றால் சிரிக்கிறீர்கள். ஆனால் பெண்ணுக்கு வரன் வந்தால் முதலில் ஜாதியையும், அடுத்தபடி ஜாதகத்தையும் கேட்கிறீர்கள். அந்தப் பெண்ணைக் கடைசியிலாவது கேட்கிறீர்களா? சர்க்காருக்கு உங்கள் சம்மதம் வேண்டும். உங்கள் மகள் வாழ்க்கைக்கு அவள் சம்மதம் வேண்டாமா?

இங்கே கை தட்டியது போதும். வீட்டுக்குப் போய் அவளைக் கேளுங்கள். அவள் சொல்லுகிற பதிலுக்குக் கட்டுப்படுங்கள். லாக்கும் ரூஸோவும் முகப்பேருக்கு வந்தார்கள் என்று அன்றைக்குத்தான் நாம் ஒப்புக்கொள்ளுவோம்.