விலங்கின் குரலும் மனிதனின் மொழியும்

 

பத்தாண்டு நிறைவு விழாவில் கவிதையைப் பற்றியும் புதினத்தைப் பற்றியும் பேசுவதற்குப் பலர் இருக்கின்றனர். அவை எல்லாவற்றுக்கும் அடிமணையாக நிற்கும் மொழியைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். 'விலங்கின் குரலும் மனிதனின் மொழியும்' என்பது நீங்கள் எனக்களித்த தலைப்பு. அத்தலைப்பினுள்ளேயே ஒரு முடிபு மறைந்திருக்கிறது. மொழி வாயிற் பிறப்பது, ஒலியால் ஆவது, ஆதலின் அதனை விலங்கின் குரலோடு வைத்து ஒப்பிடலாம் என்பதே அது. அம்முடிபைச் சற்று அசைத்துப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்தொலிகள் தோன்றும் முறையை விரித்துரைக்கிறார். உந்தியிலிருந்து எழும் காற்றுத் தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு ஒலியாகிறது என்பது அவர் கருத்து. இன்றைய ஒலியியலார் வியந்து போற்றும் பகுதி இது. ஆயினும் அதே நூலின் மரபியலில் உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுக்கும்போது, நாவை இரண்டாம் அறிவிலேயே வைத்துவிடுகிறார். மனிதனை வேறுபடுத்தும் ஆறாம் அறிவாக அவர் சுட்டுவது மனத்தை. விலங்குகளில் ஒருசாரனவும் ஆறறிவின்பாற் படும் என்னும் கருத்தும் நம் மரபில் உண்டு. கிளியும் குரங்கும் யானையும் அதற்கு எடுத்துக்காட்டாக உரையிற் கூறப்படுகின்றன. எல்லைக்கோடு ஒன்றை வரைந்தவர்களே அதன் மீது ஒரு சிறு வாயிலையும் திறந்து வைத்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

மொழி எவ்வாறு தோன்றியது என்னும் வினாவுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விடைகள் மலிந்தன. இயற்கை ஒலிகளைப் போலச் செய்ததால் சொற்கள் பிறந்தன என்றனர் ஒருசாரார். சேவலின் கூவல் எங்கும் ஒன்றுதான். தமிழன் காதில் அது 'கொக்கரக்கோ' என்று விழுகிறது. பிரெஞ்சுக்காரர் காதில் 'கொகொரிகோ' என்றும், ஆங்கிலேயர் காதில் 'காக்-எ-டூடில்-டூ' என்றும் விழுகிறது. போலச் செய்த சொல்லிலேயே இத்தனை வேறுபாடு என்றால், மரம், நீர், நேற்று, ஆனால் என்னும் சொற்களுக்கு எந்த ஒலியைப் போலச் செய்வது? சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள காரணம் பார்த்த அளவில் புலப்படாது என்று உரியியலில் தொல்காப்பியர் கூறியிருப்பது இங்கு நினைக்கத்தக்கது. ஊகங்கள் அளவின்றிப் பெருகவே, பாரிசு மொழியியற் கழகம் மொழித் தோற்றம் பற்றிய கட்டுரைகளை ஏற்பதில்லை என்று 1866ஆம் ஆண்டு விதியே வகுத்துவிட்டது.

இவ்வினாவை ஆய்வாலேயே தீர்க்க முயன்ற மன்னர்களும் உண்டு. எகிப்திய மன்னன் சம்மெத்திகசு இரு குழந்தைகளை ஆட்டிடையன் ஒருவனிடம் அளித்து, அவர்கள் முன் ஒரு சொல்லும் பேசலாகாது என்று ஆணையிட்டதாக எரோடோட்டசு எழுதுகிறார். குழந்தைகள் முதலில் 'பெகோசு' என்றனராம். பிரிகிய மொழியில் அதற்கு ரொட்டி என்று பொருள். ஆகவே பிரிகியரே மூத்தோர் என்று மன்னன் முடிவு கட்டினான். அக்குழந்தைகள் வெள்ளாட்டின் கத்தலைத்தான் திருப்பிச் சொன்னார்கள் என்று பின்வந்தோர் நகைத்தனர். நம் நாட்டில் பேரரசர் அக்பரும் பேசாத செவிலியரைக் கொண்டு குழந்தைகளை வளர்த்துப் பார்த்தார். 1582இல் அவர் சென்று கண்டபோது அங்கே பேச்சு ஏதும் பிறந்திருக்கவில்லை என்று அக்பர்நாமா குறிக்கிறது. தனித்து விடப்பட்ட குழந்தையிடம் மொழி தானே முளைப்பதில்லை. இதனை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதனிடம் திரும்ப வேண்டியிருக்கும்.

இனி விலங்குகளிடம் வருவோம். இங்கே முதலிடம் குரலே இல்லாத ஆட்டம் ஒன்றுக்கு உரியது. ஆசுதிரியாவில் பிறந்த கார்ல் வான் பிரிசு தேனீக்களை வாழ்நாள் முழுவதும் கவனித்து, 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். இருண்ட கூட்டினுள், செங்குத்தாகத் தொங்கும் அடையின் மீது, மலர்களைக் கண்டு மீண்ட தேனீ உடலின் பின்பகுதியை அசைத்தவாறு ஒரு நேர்க்கோட்டில் ஓடுகிறது. பிறகு வளைந்து திரும்பி மீண்டும் அதே கோட்டில் ஓடுகிறது. மேல்நோக்கிய திசையிலிருந்து அக்கோடு எத்தனை பாகை சாய்ந்திருக்கிறதோ, கதிரவன் இருக்கும் திசையிலிருந்து அத்தனை பாகை விலகி மலர்கள் இருக்கின்றன. அசைந்தோடும் நேரம் நீளுமளவுக்குத் தொலைவும் நீளும். கண்முன் இல்லாத ஒன்றைப் பற்றிச் செய்தி சொல்வது மனிதனுக்கு மட்டுமே உரியது என்ற பெருமை இவ்விடத்தில் நமக்கு உடைந்துபோகிறது. மூத்த தேனீக்களின் ஆட்டத்தைப் பின்தொடர வாய்ப்பில்லாத இளந்தேனீக்கள் பிழைபட ஆடுகின்றன என்று 2023இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆகவே கற்றலும் நமக்கு மட்டுமே உரிய தனிச்சொத்தன்று.

ஆயினும் வான் பிரிசு மற்றொன்றும் செய்து பார்த்தார். கூட்டை வானொலிக் கோபுரத்தின் அடியில் வைத்து, இனிப்பு நீரைக் கோபுரத்தின் உச்சியில் வைத்தார். உச்சியில் உண்டு வந்த தேனீக்கள் ஊக்கத்தோடு ஆடின. கூட்டிலிருந்து புறப்பட்டவை நாற்புறமும் தேடிக் களைத்தன, மேலே செல்லவில்லை. 'மேலே' என்பதற்கு அவற்றின் ஆட்டத்தில் இடமில்லை; அதனை ஆக்கிக்கொள்ளவும் அவற்றால் இயலவில்லை. திசையும் தொலைவும் ஒரே ஓட்டத்தில் கலந்து கிடக்கின்றன. ஒன்றைக் கழற்றி எடுத்து வேறொன்றோடு பூட்ட இயலாத, வெட்டு விழாத ஒரே துணி அது.

கென்யாவின் அம்போசெலியில் வாழும் வெர்வெட் குரங்குகளுக்குச் சிறுத்தைக்கு ஒரு குரல், கழுகுக்கு ஒரு குரல், பாம்புக்கு ஒரு குரல் உண்டு. பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்தபோது, முதற்குரலுக்கு மரமேறின, இரண்டாவதற்கு வானைப் பார்த்தன, மூன்றாவதற்குத் தரையைப் பார்த்தன என்று 1980இல் செபார்த்தும் செனியும் மார்லரும் காட்டினர். குட்டிகள் விழும் இலையைக் கண்டும் கழுகுக்குரல் எழுப்பிப் பிறகு திருந்துகின்றன. நம் குழந்தைகள் நான்குகால் விலங்கெல்லாம் 'மாடு' என்பது போல. ஆனால் கழுகு நேற்று வந்தது என்றோ, இன்று கழுகு இல்லை என்றோ அக்குரலால் உணர்த்த இயலாது. இல்லை என்னும் ஒரு சொல் எத்துணை பெரியது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதேயில்லை.

இரண்டு குரல்களை இணைக்கும் பறவைகளும் உள்ளன. சப்பானியச் சிட்டு ஒன்று 'எச்சரிக்கையாயிரு' என்பதற்குரிய குரலையும் 'அருகில் வா' என்பதற்குரிய குரலையும் வரிசையாகச் சேர்த்து ஒலிக்கிறது. வரிசையை மாற்றி ஒலிபரப்பினால் பறவைகள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை என்று சுசுகியும் உடன் ஆய்ந்தோரும் 2016இல் கண்டனர். போனோபோக்களின் குரலிணைப்புகளிலும் பொருட்சேர்க்கை உண்டு என்று 2025இல் ஓர் ஆய்வு வந்தது. ஆகவே விலங்குகளிடம் இணைப்பே இல்லை என்று மேடையில் முழங்குவது இனி நேர்மையாகாது. ஆனால் 'நேற்று வந்த பையன் சொன்ன கதையைக் கேட்ட பாட்டி சிரித்தாள்' என்பது போல, தொடருக்குள் தொடரை அடுக்கி எவ்வளவும் நீட்டும் ஆற்றல் வேறெங்கும் இதுவரை காணப்படவில்லை.

மனிதக் குரங்குகளுக்கு மொழி கற்பித்த கதையை நீங்கள் அறிவீர்கள். விக்கி என்னும் சிம்பன்சியை வீட்டுப் பிள்ளையாக வளர்த்தும் நான்கு சொற்களுக்கு மேல் அது உச்சரிக்கவில்லை. குற்றம் வாயினுடையது என்று கருதிய கார்ட்னர் தம்பதியர் 1966இல் வாசோ என்னும் சிம்பன்சிக்கு அமெரிக்கச் சைகை மொழியைக் கற்பிக்கத் தொடங்கினர். அது நூற்றுக்கும் மேற்பட்ட சைகைகளைக் கற்றது. பின்னர் நிம் என்னும் சிம்பன்சியை வளர்த்த டெர்ரசு, பதிவுகளை மீண்டும் மீண்டும் நோக்கி 1979இல் ஏமாற்றத்தோடு ஒரு கட்டுரை எழுதினார். நிம்மின் தொடர்கள் ஆண்டுகள் சென்றும் வளரவில்லை. நீண்டபோதும் பழம், கொடு, எனக்கு என்பவையே திரும்பத் திரும்ப வந்தன. அவற்றிற் பெரும்பகுதி ஆசிரியரின் கையைப் பார்த்துச் செய்தவை. கான்சி என்னும் போனோபோ இதனினும் வியப்பானது. தன் வளர்ப்புத்தாய்க்குக் கற்பித்ததை அருகிலிருந்து பார்த்தே குறிகளைக் கற்றது. 660 ஆங்கிலத் தொடர்களைக் கொண்டு சோதித்தபோது 70 விழுக்காட்டுக்கும் மேல் சரியாகச் செய்து காட்டியது. 2025இல் அது இறந்தது. இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து, அறிவின் குறைவைவிட வேறொன்று என் கண்ணுக்குப் படுகிறது. அவற்றின் குறிகளில் மிகப் பெரும்பகுதி வேண்டுதலாகவே இருந்தது. மனிதக் குழந்தையோ நடக்கப் பழகும் முன்பே நிலவைச் சுட்டிக் காட்டுகிறது. நிலவு வேண்டும் என்பதற்காகவா? 'நீயும் பார்' என்பதற்காக.

குற்றம் வாயினுடையதன்று என்பதும் இன்று தெளிவாகியுள்ளது. மக்காக் குரங்கின் மிடறும் வாயும் பேச்சொலிகளை எழுப்பப் போதுமானவையே. அவற்றை ஆளும் மூளைதான் இல்லை என்று 2016இல் பிட்சு முதலியோர் நிறுவினர். கிளியும் மைனாவும் நம்மினும் தெளிவாக உச்சரிப்பதை நாம் அன்றாடம் கேட்கிறோம்.

இந்நிலையில்தான் எந்த மன்னனும் திட்டமிடாத ஓர் ஆய்வு நடு அமெரிக்காவில் நிகழ்ந்தது. நிகராகுவாவில் அதற்கு முன் காது கேளாத பிள்ளைகள் தத்தம் வீட்டில் தனித்தே வளர்ந்தனர். வீட்டாரோடு பழகிய சில சைகைகளே அவர்களுக்கு உண்டு. 1977இல் மனாகுவா நகரில் அவர்களுக்கென ஒரு பள்ளி தோன்றியது. 1979 புரட்சிக்குப் பின் சேர்க்கை பெருகியது. வகுப்பறையில் உதட்டசைவைப் பார்த்து இசுபானியம் கற்குமாறு பயிற்றினர், பயன் சிறிதே. விளையாட்டிடத்திலும் பேருந்திலுமோ அப்பிள்ளைகள் தம் வீட்டுச் சைகைகளைக் கலந்து பேசத் தொடங்கினர். அடுத்தடுத்து வந்த இளையோர் அதனைப் பற்றிக்கொண்டு இலக்கணமுடைய மொழியாக்கிவிட்டனர். 1986இல் அங்குச் சென்ற சூடி கெகல் என்னும் மொழியியலார் கண்டது, பிறந்து சில ஆண்டுகளே ஆன ஒரு புதுமொழி.

ஆன் செங்காசும் உடன் ஆய்ந்தோரும் 2004இல் வெளியிட்ட ஒரு நுட்பத்தை இங்குச் சொல்லாமல் விட மனமில்லை. சரிவில் ஒருவன் உருண்டு இறங்குவதைக் கூறும்போது, இசுபானியம் பேசுவோரின் கைச்சாடையில் உருளலும் இறக்கமும் ஒரே அசைவாகக் கலந்து வந்தன. பள்ளியின் முதல் தலைமுறையினரும் பெரும்பாலும் அவ்வாறே காட்டினர். பின்வந்த சிறுவர்களோ 'உருள்' என ஒரு சைகையும் 'இறங்கு' என ஒரு சைகையுமாகப் பிரித்து அடுத்தடுத்து வைத்தனர். உலகில் உருளலும் இறங்கலும் பிரிந்து நிகழ்வதில்லை. மொழிதான் அவற்றைப் பிரிக்கிறது. பிரித்தபின் உருண்டு ஏறலாம், நடந்து இறங்கலாம், உருளாமலும் இருக்கலாம். தேனீயின் ஆட்டத்தில் வெட்டு விழாதிருந்த அதே இடத்தில் இச்சிறுவர்கள் வெட்டினார்கள். பகுதியும் விகுதியுமாகச் சொல்லைப் பிரித்துக் காட்டும் பணியில் கால் நூற்றாண்டாக இருக்கும் எனக்கு, அப்பிரிப்பு முதன்முதலாகப் பிறந்த இடத்தைப் பார்த்தது போன்ற உணர்வு ஏற்பட்டது.

அக்பரின் மாளிகையில் பிறவாதது மனாகுவாவில் பிறந்ததேன்? மாளிகையில் குழந்தைகளைச் சூழ்ந்திருந்தது கட்டளையிட்ட மௌனம். பள்ளியிலோ ஒருவரோடொருவர் எதையேனும் சொல்லியே தீரவேண்டிய நூற்றுக்கணக்கான பிள்ளைகள், இளம் பருவத்திலேயே, ஒருங்கே இருந்தனர். அவர்களுக்கு ஒலி தேவைப்படவில்லை.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. உலகின் முதல் மொழி எது என்று நம் மேடைகளில் அடிக்கடி வாதிடுகிறோம். தமிழின் கல்வெட்டுச் சான்று ஈராயிரம் ஆண்டுகளைக் கடந்தது, அது பெருமைக்குரியது. எழுத்து என்பதே ஏறத்தாழ 5,000 ஆண்டுப் பழமையுடையது. நம் மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகளுள் மொராக்கோவில் கிடைத்தவை ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுக்கு முற்பட்டவை. மொழியின் தோற்றம் அத்தொலைவில் தேட வேண்டிய செய்தி; எந்தக் கல்வெட்டும் அங்குச் சென்று சேராது.

எல்லைக்கோட்டை எங்கே வரைகிறோம் என்பது வெறும் ஏட்டு ஆராய்ச்சியன்று. விலங்கை 'வாயில்லா உயிர்' என்கிறோம். காது கேளாதவரை 'ஊமை' என்கிறோம். இரண்டும் ஒரே அளவுகோலால் அளந்தவை. 1880இல் மிலான் நகரில் கூடிய கேளாதோர் கல்வி மாநாடு, பேச்சே உயர்ந்ததெனக் கூறிச் சைகையைப் பள்ளியிலிருந்து விலக்கத் தீர்மானித்தது. வாக்களித்தோருள் காது கேளாதவர் ஒருவரே எனப்படுகிறது. அதன்பின் பல நாடுகளில் சைகை செய்த பிள்ளைகளின் கைகள் அடிக்கப்பட்டன; கட்டப்பட்டன. அமெரிக்கச் சைகை மொழியில் கையின் வடிவம், இடம், அசைவு என்பவை ஒலியன்களைப் போலவே இயங்குகின்றன என்று 1960இல் வில்லியம் சுடோக்கி நிறுவிய பிறகே அறிஞருலகம் மெல்லத் திரும்பியது. மிலான் தீர்மானங்களுக்கு வருத்தம் தெரிவிக்க 2010 வரை, வான்கூவர் மாநாடு வரை, காத்திருக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் இந்தியச் சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம் 2015இல் புதுதில்லியில் நிறுவப்பட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தொடர்பாடல் என்னும் சொல்லுக்குச் சைகை மொழியையும் சேர்த்தே பொருள் வரையறுக்கிறது. சட்டம் எழுதியவர்கள் நம்மைவிட முந்திக்கொண்டார்கள். 'மொழி என்பது கருத்தை வெளியிடும் ஒலிகளின் அமைப்பு' என்று இன்றும் தேர்வுத்தாளில் எழுதும் மாணவருக்கு நாம் முழு மதிப்பெண் அளித்துக்கொண்டிருக்கிறோம்.

காது கேளாத குழந்தைகளுட் பெரும்பாலோர் கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். வாய்ப்பேச்சு வரட்டும் என்று காத்திருக்கும் அவ்வாண்டுகளே மொழி வேர்பிடிக்கும் ஆண்டுகள். நிகராகுவாவிலும் பத்து வயதுக்கு முன் வந்தோர் அடைந்த தேர்ச்சியைக் காலம் கடந்து வந்தோர் அடையவில்லை. கேட்பொறியும் செவியுள் பொருத்தும் கருவியும் பலருக்கு உதவுகின்றன; அவற்றை நான் மறுக்கவில்லை. அவற்றோடு கையையும் விடுவிக்கலாம் என்பதே என் வேண்டுகோள்.

வட்டம் தன் பதினோராம் ஆண்டில் நடத்தும் அமர்வுகளுள் ஒன்றற்குச் சைகை மொழியில் கதை சொல்லும் ஒருவரை, மொழிபெயர்ப்பாளர் ஒருவரோடு அழைக்குமாறு பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அன்று முன்வரிசையில் எனக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள்.