அந்த மார்ச்சில் சட்டம் எங்கே இருந்தது?



2001 மார்ச் மாதம், இந்தப் பழைய கிள்ளான் சாலைப் பக்கம், வேலை முடிந்து மோட்டார்சைக்கிளில் வீடு திரும்பியவர்களை வழிமறித்துப் பாராங் கத்தியால் வெட்டினார்கள். கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் நடுவே மூண்ட தகராறு, நாள்கணக்கில் வெறியாட்டமாக நீண்டது. ஆறு பேர் செத்தார்கள். ஐவர் இந்தியர், ஒருவர் இந்தோனேசியர். அவரைப் பெற்றவளுக்கும் வயிறு எரிந்திருக்கும், அதையும் இந்த மேடையில் சொல்லத்தான் வேண்டும்.

அன்று மலேசியாவில் சட்டம் இல்லையா? 1960 முதல் இசா எனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் இருந்தது! விசாரணையே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அடைத்துவைக்கும் சட்டம். இந்தச் சந்துகளில் ஓர் உயிரையாவது அது காத்ததா? அடுத்த மாதமே, ஏப்ரலில், ரிஃபோர்மாசி எனும் சீர்திருத்த இயக்கத் தலைவர்களைப் பிடிக்க மட்டும் அது துள்ளி எழுந்தது. 2007 டிசம்பரில் இந்தியர் உரிமை இயக்கமான ஹிண்ட்ராப்பின் தலைவர்கள் ஐவரைக் கமுந்திங் தடுப்பு முகாமுக்கு அனுப்பியதும் அதே சட்டம்தான்.

அந்த மார்ச்சில் என்ன நடந்தது, போலீஸ் என்ன செய்தது, ஊரறிய விசாரியுங்கள் என்று கேட்டோம். பொது விசாரணை நடக்கவில்லை. அந்தக் கலவரத்தைப் பற்றி கா. ஆறுமுகம் 'மார்ச் 8' என்று புத்தகம் எழுதினார். பொது ஒழுங்குக்குக் கேடு என்று அமைச்சு அதைத் தடை செய்தது. வெட்டிய கத்தியைவிட அச்சடித்த தாளா ஆபத்து?

2012-இல் இசா போனது, அதன் இடத்தில் சொஸ்மா எனும் பாதுகாப்புக் குற்றச் சட்டம் வந்தது. பிடித்தவரை 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்து என்கிறது அரசியலமைப்பின் 5-ஆவது விதி. சொஸ்மாவிலோ, ஒரு போலீஸ் அதிகாரியே 28 நாள் வரை லோக்காப்பில் வைத்துக்கொள்ளலாம். 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் தொடர்பு என்று பன்னிரண்டு பேரைப் பிடித்தார்கள். இருவர் சட்டமன்ற உறுப்பினர்கள். கைத்தொலைபேசியில் இருந்த படங்களெல்லாம் சாட்சியம்! 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவரே வழக்கைக் கைவிட்டார். அதுவரை அந்த வீடுகளில் அடுப்பு எரிந்ததா என்று எந்த அதிகாரி போய்ப் பார்த்தார்?

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2016-இல் பக்கத்துப் பூச்சோங்கில் கையெறி குண்டு வீசினார்கள், எட்டுப் பேர் காயம்பட்டார்கள். குண்டு வீசுபவனைப் பிடியுங்கள், தாராளமாகப் பிடியுங்கள்! மறுநாளே நீதிபதி முன் கொண்டுபோய் நிறுத்துங்கள். ஜாமீன் தருவதா மறுப்பதா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

ஓட்டுக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருகிறவரை உட்காரவைத்துக் கேளுங்கள்: ஜாமீனைப் பறிக்கும் சொஸ்மாவின் 13-ஆவது பிரிவை நீக்க நாடாளுமன்றத்தில் கை தூக்குவீர்களா? ஆறுமுகம் புத்தகத்தின் தடையை எடுக்கச் சொல்வீர்களா? பதில் வரும்வரை கேளுங்கள்!