மூத்திர ஒழுக்கும் தெய்வ சாபமும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது சபையில் பேசப் பலர் கூசும் விஷயமாகும். எத்தியோப்பியா தேசத்து மலைக்கிராமங்களில், முதற் பிரசவம் கஷ்டப்பட்ட சில இளம் பெண்களுக்கு இரவும் பகலும் மூத்திரம் தானே ஒழுகிக் கொண்டிருக்கின்றது. நாற்றம் தாங்காமல் ஊரார் விலகுகின்றார்கள். புருஷன் தள்ளி வைக்கின்றான். ‘தெய்வ சாபம்’ என்று சொல்லித் தீர்த்தமாடவும் அனுப்புகின்றார்கள். தெய்வத்துக்கு அந்தச் சிறு பெண்ணிடத்தில் அப்படி என்ன விரோதமென்று எவரும் கேட்பதில்லை.

சங்கதி இதுதான். இடுப்பெலும்பு வளர்ந்து முடியாத வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டவளுக்குப் பிள்ளையின் தலை வெளிவர வழி போதுவதில்லை. இரண்டு நாள், மூன்று நாள் வலி. அவ்வளவு நேரமும் தலைக்கும் எலும்புக்கும் நடுவே மூத்திரப்பை நசுங்கிக் கிடக்கின்றது. அங்கே ரத்த ஓட்டம் நின்று, சதை செத்து, சில நாளில் கழன்று விழுகின்றது. மூத்திரப்பைக்கும் பிறப்பு வழிக்கும் இடையில் ஓட்டை விழுந்து விடுகின்றது. பிள்ளையோ பெரும்பாலும் செத்தே பிறக்கின்றது.

பாலிய விவாகத்தின் மேலேயே முழுப் பழியையும் போட நாம் சம்மதியோம். பிள்ளை குறுக்கே சிக்கிக்கொண்டால், வயிற்றைக் கீறி எடுக்க ஆஸ்பத்திரி எட்டாத ஊரில், முப்பது வயதுக்காரிக்கும் இதே கதிதான். அத்தேசத்தில் 2000ஆம் வருஷத்துக் குடும்பச் சட்டம் பெண்ணின் விவாக வயதை 18 ஆக்கிற்று. ரோடு போடுவது சட்டத்தால் மட்டும் ஆகிற காரியமா?

சிகிச்சை என்ன? சிறு ஓட்டையை உடனே கண்டால், குழாய் வைத்துச் சில வாரம் மூத்திரத்தை வடித்தாலே சில மூடிக்கொள்ளும். மற்றவற்றுக்கு ஆபரேஷன் செய்து தைக்க வேண்டும். சிக்கலில்லாத ஓட்டையானால் பத்தில் ஒன்பது பேர் வரை குணமாகின்றார்கள். அடுத்த பிரசவம் மட்டும் ஆஸ்பத்திரியில், வயிற்றைக் கீறியே நடக்க வேண்டும்.

1959ல் அடிஸ் அபாபாவுக்கு வந்த ஹாம்லின் தம்பதிகள் என்ற டாக்டர்கள் 1974ல் இதற்கென்றே ஓர் ஆஸ்பத்திரி கண்டார்கள். இருவரும் நல்ல கிறிஸ்தவ பக்தர்கள். ஆனாலும் ஓட்டையை ஊசி நூலால்தான் அடைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அவர்களிடம் நோயாளியாக வந்தவர் மாமிட்டு காஷே. அன்று அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சிகிச்சைக்குப் பின் அவர்களிடமே தங்கி, முதலில் படுக்கை விரித்தார். பிறகு ஆபரேஷன் மேஜையருகே நின்று கருவி எடுத்துக் கொடுத்தார். பார்த்துப் பார்த்துத் தாமே தைக்கக் கற்றார். பட்டம் பெற்ற டாக்டர்களே பின்னாளில் அந்த அம்மாளிடம் வந்து அவ்வேலையைக் கற்றுக்கொண்டு போனார்கள்.