நடந்து போனால் மட்டும் போதுமா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது டெக்னிக்கலா பேசுங்க" என்று செயலாளர் சொன்னார். நான் எண்ணூர்ப் பக்கம் வேலை பார்க்கிற சாதாரண இன்ஜினியர். பம்பு, வால்வு என்று அரை மணி நேரம் ஓட்டிவிடலாம். ஆனால் இராயபுரம் முதல் எண்ணூர் வரை, குடியிலும் போதையிலும் மாட்டி, சிகிச்சை எடுத்து, மறுபடியும் எழுந்து நிற்கப் பார்க்கிற பையன்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நம் தெருக்களில் 1980களில் பிரவுன் சுகர் என்றார்கள். இப்போது வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறார்கள். சரக்கு மாறுகிறதே தவிர, வாசலில் உட்கார்ந்து அழுகிற அம்மா மாறவில்லை.

இவர்களில் கொஞ்சம் பேரைக் காட்டு வழியில் நடக்கக் கூட்டிப் போகலாம் என்பது என் யோசனை. நண்பர்களிடம் சொன்னபோது, "டூர் போயிட்டு வந்தா குடி நின்னுடுமாப்பா?" என்று சிரித்தார்கள். நிற்காது. அதையும் சொல்லத்தான் வந்தேன்.

இந்த மாதிரி முயற்சிக்கு ஒரு துறைமுகக் கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் கப்பல்கள் மூழ்கியபோது, உயிர்காப்புப் படகுகளில் வயதான மாலுமிகள் தாக்குப்பிடிக்க, இளைஞர்கள் மனம் தளர்ந்து இறக்கிறார்கள் என்று லிவர்பூல் கப்பல் கம்பெனிக்காரர் லாரன்ஸ் ஹோல்ட் கவலைப்பட்டார். கல்வியாளர் குர்ட் ஹானுடன் சேர்ந்து, 1941ல் வேல்ஸில் அபர்டோவி என்ற ஊரில் ஒரு பள்ளி தொடங்கினார். பெயர் 'அவுட்வர்ட் பவுண்ட்'. துறைமுகத்தை விட்டுக் கிளம்புகிற கப்பலுக்கு மாலுமிகள் சொல்லும் சொல் அது. மலை, கடல், மூட்டை, கூட்டாளிகள், இவைதான் அங்கே பாடம். பிற்காலத்தில் போதையிலிருந்து மீள்கிறவர்களுக்கும் இந்த முறையைப் பல நாடுகளில் பயன்படுத்தினார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது? ஆஸ்பத்திரியில் அவன் நோயாளி. வீட்டில் அவன் குற்றவாளி; சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறார்கள். நடைபாதையில் பத்துப் பேருக்கான சோற்றுப் பாத்திரம் அவன் முதுகில் இருக்கிறது. அவன் பின்தங்கினால் மற்ற ஒன்பது பேரும் நிற்க வேண்டும். ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு கூட்டம் அவனை நம்பி நடக்கிறது. காடு கொடுக்கிற மருந்து இவ்வளவுதான். ஆனால் இது சின்ன மருந்து இல்லை.

ஆபத்தையும் மறைக்கக் கூடாது. தண்டனை மாதிரி நடக்க வைத்ததில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1990லும் 1994லும் பிள்ளைகள் உயிர்விட்டார்கள். நம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று பிடித்த காட்டுத்தீயில் 20க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இன்னொன்று: பல வருஷம் குடித்தவன் திடீரென்று நிறுத்தினால், முதல் சில நாட்களில் வலிப்பும் பிதற்றலும் வந்து உயிரே போகலாம். குடியை நிறுத்த வைக்கிற இடம் மருத்துவமனை, காடு இல்லை. சிகிச்சை முடிந்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகே நடை.

அந்தச் சிகிச்சை நம் ஊரிலேயே இருக்கிறது. கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980ல் இங்கே தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையைப் பலரும் அறிவீர்கள். குடும்பத்தாருக்கும் அங்கே ஆலோசனை உண்டு. அவர்கள் திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடியில் முகாம் போட்டு, சிகிச்சையைக் கிராமத்துக்கே கொண்டு போனார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். குணமானவன் திரும்பிப் போகிற இடம் ஊர்தானே? அந்த ஊரும் தயாராக வேண்டாமா?

எங்கே நடப்பது? எண்ணூர் முகத்துவாரத்தில் சாம்பலும், 2023 டிசம்பரில் எண்ணெயும் கலந்த அதே கொசஸ்தலை ஆறு, பூண்டிக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கம் வழியாகத்தான் வருகிறது. அங்கே 1863ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவை 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011ல் வெளியான ஆய்வு சொன்னது. அருகில்தான் குடியம் குகைகள். வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 வழிகளில் குடியமும் ஒன்று. வழிகாட்டியோடு, அனுமதியோடு, பனிக்காலத்தில், ஒரே நாளில் போய் வரலாம். நம்ம ஆறு கறுப்பாகத்தான் பிறந்தது என்று நினைக்கிற பையன், மேலே அது எப்படி இருக்கிறது என்று பார்க்கட்டும்.

சரி, நடந்தாச்சு. அப்புறம்? காசிமேட்டுத் தம்பி ஒருவர் என்னிடம் சொன்னார்: "அண்ணா, உள்ள முப்பது நாள் இருந்துட்டேன், அது பெருசில்ல. வெளிய வந்து மொத சம்பளம் கையில வாங்கின சனிக்கிழமை சாயங்காலம் இருக்கு பாருங்க, அதுதான்ணா மலை."

அண்ணன்மார்களே, அந்த மலையில் நடப்பதற்குத்தான் உங்களைக் கூப்பிடுகிறேன். நன்கொடை இரண்டாம் பட்சம். முதலில், உங்களில் பலர் தொழிற்சாலைகளிலும் துறைமுகத்திலும் ஆள் எடுக்கிற இடத்தில் இருக்கிறீர்கள். சிகிச்சை முடித்து வருகிறவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். அவன் கதையை ஷாப் ஃப்ளோர் முழுக்கச் சொல்லாதீர்கள். அவனே கேட்டால், சம்பளத்தைக் கையில் கொடுக்காமல் அம்மா கணக்கில் போடுங்கள். இரண்டாவது, சனிக்கிழமை சாயங்காலம் ஆறு முதல் ஒன்பது வரை ஒரு அறை, ஒரு கேரம் போர்டு, டீ, நம்மில் இரண்டு பேர். கல்லூரி இடம் தந்தால் இங்கேயே நடத்தலாம். தம்பிகளே, நீங்கள் வந்து உபதேசம் செய்ய வேண்டாம். கூட உட்கார்ந்து ஆடினால் போதும்.

அவன் மறுபடி குடித்துவிட்டால்? குடிக்கலாம். இந்த நோயில் அது நடக்கிறதுதான். "அப்பவே சொன்னேன்" என்று கதவைச் சாத்தாமல், மறுபடி சிகிச்சைக்குக் கூட்டிப் போக வேண்டும். யாரைக் கேட்பது என்று தெரியாதவர்கள் 14446 என்ற தேசிய இலவச உதவி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதில் தொகை எழுத இடமில்லை. பெயரும், எந்தச் சனிக்கிழமை வர முடியும் என்பதும் எழுதினால் போதும். சாப்பிடப் போகும் வழியில்தான் இருக்கிறது.