மூழ்கிய கலமும் மூடிய செவியும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் மொழி. உடல்நலம் பேணுவதைக் குறித்து நாம் அடிக்கடி எடுத்தாளும் இப்பழமொழி, ஆழ்கடலுக்குட் செல்லும் ஒரு கலத்துக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துவதாகும். அங்கே உயிருக்கும் சாவுக்கும் இடையில் நிற்பது ஒரு சுவர் மட்டுமே. அந்தச் சுவரை எதனாற் கட்டுவது, எப்படிச் சோதிப்பது, அது பழுதுபட்டதென்று ஒருவர் கூறினால் அவருக்கு என்ன மறுமொழி கொடுப்பது என்பனவே இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் வினாக்கள்.

2023 ஆம் ஆண்டு யூன் மாதம் 18 ஆம் திகதி, கனடாவின் நியூபவுண்ட்லாந்துக்குத் தென்கிழக்கே அத்திலாந்திக் சமுத்திரத்தில் ‘டைட்டன்’ என்னும் சிறு நீர்மூழ்கிக் கலம் ஐந்து பேருடன் இறங்கியது. 1912 ஆம் ஆண்டு மூழ்கிய ‘டைட்டானிக்’ கப்பலின் சிதைவுகளைக் காண்பதே அப்பயணத்தின் நோக்கம். அந்த ஐவருள் கலத்தை அமைத்த நிறுவனத்தின் தலைவர் ஸ்டொக்டன் றஷ் ஒருவர்; அச்சிதைவுகளைப் பலமுறை கண்டு வந்த பிரெஞ்சு ஆழ்கடல் நிபுணர் போல் ஆன்றி நார்ஜொலே மற்றொருவர். ஒரு தந்தையும் பத்தொன்பது வயது மகனும் ஒன்றாகச் சென்றிருந்தனர். இறங்கத் தொடங்கி ஒன்றரை மணி நேரமளவில் தொடர்பு அறுந்தது. உயிர்வாயு தீருமுன் அவர்களைக் கண்டுபிடிக்க முடியுமா என உலகம் நான்கு நாள் நாழிகை எண்ணிக்கொண்டிருந்தது. 22 ஆம் திகதி, டைட்டானிக்கின் முன்புறத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் தொலைவிலே, கலத்தின் சிதறல்கள் கடலடியில் கிடக்கக் காணப்பட்டன. தொடர்பு அறுந்த அப்பொழுதே, கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைந்த ஒரு கணத்தில், கலம் உள்நோக்கி நொறுங்கி யாவரும் மாண்டிருந்தனர்.

அந்த நொறுங்கலின் காரணத்தை விளங்கிக்கொள்ள நாம் முதலில் கடலின் பாரத்தை அறிதல் வேண்டும். நீரில் ஒவ்வொரு 10 மீற்றர் இறங்கும்போதும் நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அமுக்கத்துக்குச் சமமான அமுக்கம் மேலும் ஒருமடங்கு கூடுகிறது. டைட்டானிக் கிடக்கும் ஆழம் ஏறக்குறைய 3,800 மீற்றர். அங்கே சிறுவிரல் நகத்தளவான ஓரிடத்தின்மேல் 390 கிலோகிராம் அளவு நிறை அழுத்தி நிற்கும். இந்தப் பாரம் எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே சமயத்தில் வருவது. ஆதலால், அதனைத் தாங்கவல்ல வடிவங்களுட் சிறந்தது உருண்டை என்பது பொறியியலாளர் நெடுங்காலமாகக் கண்ட உண்மை. உருண்டையில் ஓர் இடமேனும் தனித்துச் சுமை ஏற்பதில்லை. பாரம் எங்கும் ஒப்பப் பகிரப்படுகிறது.

1960 ஆம் ஆண்டு ஜனவரி 23 ஆம் திகதி ஜாக் பிக்கார்ட், டொன் வால்ஷ் என்னும் இருவர் ‘திரியெஸ்டே’ என்ற கலத்தில் பசிபிக் சமுத்திரத்தின் மரியானா அகழியில் ஏறத்தாழ 10,900 மீற்றர் ஆழம்வரை இறங்கி மீண்டனர். அவர்கள் அமர்ந்திருந்தது 12.7 சென்ரிமீற்றர் தடிப்புடைய உருக்கு உருண்டைக்குள். 1986 இல் றொபேட் பலார்ட் டைட்டானிக்கை நேரிற் கண்டபோது அவரைக் கொண்டுசென்ற ‘அல்வின்’ என்ற கலமும் டைட்டானியம் என்னும் உலோகத்தாலான உருண்டையையே உடையது. அக்கலத்தைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை முழுவதும் கழற்றிச் சோதித்து மீண்டும் பூட்டுவது வழக்கம்.

டைட்டன் கலத்தின் சுவரும் ஏறத்தாழ அதே 12.7 சென்ரிமீற்றர் தடிப்பே. ஆனால் அதன் வடிவம் உருண்டை அன்று, நீள் உருளை. ஐந்து பேரை ஏற்ற வேண்டுமென்பதற்காக அவ்வடிவம் தெரிந்தெடுக்கப்பட்டது. பொருளும் உலோகம் அன்று, காபன் இழை. உருளையின் இரு முனைகளிலும் டைட்டானியத்தாலான வளையங்கள் பசையால் ஒட்டப்பட்டு, அவற்றின்மேல் கவிகை மூடிகள் பூட்டப்பட்டிருந்தன. காபன் இழை பாரங் குறைந்தது. இழுவிசையை வியக்கத்தக்கவாறு தாங்குவது. வடம்போல் இழுத்தால் அறாது. ஆனால் ஆழ்கடல் இழுப்பதில்லை, நசுக்குகிறது. நசுக்கும்போது இழைகளைக் கட்டி வைத்திருக்கும் பிசினும், படைகளுக்கு இடையிலுள்ள பிணைப்புமே பெருஞ்சுமையை ஏற்க வேண்டியனவாகின்றன. படைகளுக்கிடையே சிறு வெறுமையோ மடிப்போ இருந்துவிட்டால், ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போதும் அந்தக் குறை சிறிது சிறிதாக வளரும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் அல்லவா? நேற்றுவரை தாங்கியது என்பது நாளையும் தாங்கும் என்பதற்குச் சான்றாகாது. நேற்றுத் தாங்கியதனாலேயே அது இன்று நலிந்திருக்கவுங் கூடும்.

கலம் தன் நலிவைச் சொல்லாமலும் இல்லை. முதலிற் செய்த உருளையில் 2019 இல் வெடிப்புக் காணப்பட்டு, புதிய உருளை ஒன்று செய்யப்பட்டது. 2022 ஆம் ஆண்டு யூலை மாதம், எண்பதாவது பயணத்தில், கலம் நீர்மட்டத்துக்கு மீளும் வேளையில் உள்ளிருந்தோர் பெரும் ஓசை ஒன்றைக் கேட்டனர். சுவரின் நெளிவை அளக்கப் பொருத்திய கருவிகள் அந்நாளுக்குப் பின் வேறுவிதமான கணக்கைக் காட்டின. சுவரின் படைகள் பிரிந்துவிட்டன என்பதே அதன் பொருள் என 2025 ஒக்டோபரில் வெளிவந்த ஐக்கிய அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் அறிக்கை கூறுகிறது. நிறுவனமோ, கலத்தின் உடல் அதன் தாங்குசட்டத்திற் சற்று நகர்ந்ததால் எழுந்த ஓசை அது என்று அமைதி கண்டது. அடுத்து வந்த மாரிகாலத்தில் அக்கலம் பனியிலும் குளிரிலும் மூடுதிரையின்றி வெளியிலே கிடந்தது. பின்னர் மீண்டும் கடலுக்குச் சென்றது. எண்பத்தெட்டாவது பயணம் கடைசிப் பயணமாயிற்று.

நேயர்களே, இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கருவி இல்லாமையால் இவ்விபத்து நேரவில்லை. கருவி இருந்தது, அது உண்மையையே எழுதியது, எழுதியதைப் படித்து, ‘இனி இறங்கலாகாது’ என்று சொல்லும் அதிகாரமும் துணிவும் உடைய ஒருவர்தாம் அங்கு இல்லை.

அப்படி ஒருவர் முன்னொருகால் இருந்தார். கடல்சார் செயற்பாடுகளுக்குப் பொறுப்பாயிருந்த டேவிட் லொக்ரிட்ஜ் என்பவர் 2018 இல் கலத்தின் குறைகளை வரிசைப்படுத்தி எழுத்திற் கொடுத்தார். உருளையைப் போதியவாறு சோதிக்கவில்லை என்றார். காட்சிச் சாளரம் 1,300 மீற்றர் ஆழத்துக்கே உறுதியளிக்கப்பட்டது என்றார். அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அரசாங்கத் தொழிற் பாதுகாப்புத் துறையிடம் முறையிட்டார். உரிய காலத்தில் விசாரணை நடைபெறவில்லை. அதே ஆண்டு மார்ச் மாதத்தில், அத்துறையில் தேர்ந்த முப்பதுக்கும் மேற்பட்டோர், நடுநிலையான அமைப்பொன்றின் தரச்சான்றைப் பெறுமாறு வற்புறுத்திக் கடிதம் எழுதினர். புறத்தாரின் சோதனை புதுமையின் வேகத்துக்குத் தடை என்பதே நிறுவனம் பின்னர் வெளியிட்ட கொள்கை. கட்டணமாக இரண்டரை இலட்சம் டொலர் கொடுத்துச் சென்றவர்களைப் பயணிகள் என்று சொல்லாது ‘பணி நிபுணர்’ என்றே அழைத்தனர். பெயரை மாற்றியதால் கடல் தன் பாரத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை.

றஷ் என்பவரைக் கொடியவர் என்று கூறி இக்கதையை முடித்துவிடுதல் எளிது. ஆனால் அவர் பிறரை அனுப்பிவிட்டுத் தாம் கரையில் நின்றவர் அல்லர். தாமும் உடன் சென்று மாண்டவர். தம் கலத்தை அவர் மெய்யாகவே நம்பினார். அதுவே நம்மை அச்சுறுத்த வேண்டும். நம்பிக்கை எவ்வளவு நேர்மையானதாயினும் அது அளவைக் கருவி ஆகாது. 2025 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்ட ஐக்கிய அமெரிக்கக் கரையோரக் காவற்படையின் விசாரணைச் சபை, இது தடுத்திருக்கக்கூடிய விபத்து என முடிவு கூறியது. அமைப்பிலும் சோதனையிலும் பராமரிப்பிலும் நேர்ந்த குறைகளோடு, வேலை போய்விடுமென்ற அச்சத்தால் ஊழியரை வாய்மூடச் செய்த சூழலையும் அது காரணமாகக் காட்டியது.

ஒரு பேரிழப்பிலிருந்து பாடங் கற்க முடியுமென்பதற்கும் கடலே சான்று தருகிறது. 1963 ஏப்பிரில் 10 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்கக் கடற்படையின் ‘திரெஷர்’ என்னும் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் ஆழச் சோதனையின்போது 129 பேருடன் மூழ்கியது. கடல்நீர்க் குழாயின் பற்றவைத்த மூட்டொன்று விட்டுப்போனதே அதன் தொடக்கமாயிருக்கலாமெனக் கருதப்பட்டது. முன்னர் அக்கப்பலின் மூட்டுகளிற் சிலவற்றைச் சோதித்தபோது 100 க்கு 14 தரத்திற் குறைந்தவையாயிருந்தன. எனினும் மிகுதியைச் சோதியாது விட்டிருந்தனர். அவ்விழப்பின் பின் அக்கடற்படை அதே ஆண்டில் ‘சப்சேப்’ என்ற பாதுகாப்புத் திட்டத்தை வகுத்தது. கப்பலினுள் நீர் புகாது காக்கும் ஒவ்வோர் உறுப்பும் எதனாற் செய்யப்பட்டது, எவராற் சோதிக்கப்பட்டது என்பதற்கு எழுத்திற் சான்று வேண்டும். சான்று இல்லையேல் கப்பல் ஆழத்துக்கு இறங்கலாகாது. 1968 இல் இழக்கப்பட்ட ‘ஸ்கோர்ப்பியன்’ அச்சான்று பெறாத கப்பல். அச்சான்று பெற்ற கப்பல் ஒன்றேனும் இதுவரை மூழ்கியதில்லை.

இரு கதைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றிலே இறந்தோர் சட்டமாகி இருப்போரைக் காக்கின்றனர். மற்றொன்றிலே அந்தச் சட்டத்தின் வேலிக்கு வெளியே போகத் துணிந்தவர்களைக் கடல் காத்திருந்து பிடித்துக்கொண்டது.

நான் பொறியியல் கற்றவன் அல்லன். வகுப்பறையிற் காலங் கழித்தவன். கரும்பலகையிலே ஆசிரியர் ஒரு கணக்கைச் செய்துகொண்டிருக்கும்போது, கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, ‘ஐயா, மூன்றாம் வரியில் பிழை இருக்கிறது’ என்கிறான். அப்போது ஆசிரியர் திரும்பி மூன்றாம் வரியைப் பார்க்கிறாரா, அல்லது அந்த மாணவனை முறைத்துப் பார்க்கிறாரா? முறைத்துப் பார்த்தால் அவன் உட்கார்ந்துவிடுவான். அடுத்த முறை எழ மாட்டான். அவனே ஒருநாள் பொறியியலாளன் ஆகலாம். சுவரின் உள்ளே எழுந்த ஓசையை அவனே முதலிற் கேட்கலாம்.

பெரியாரைத் துணைக்கோடல் என ஓர் அதிகாரத்தையே வகுத்த வள்ளுவர், இடித்துரைப்பாரைத் துணையாகக் கொள்ளாத அரசன் தன்னைக் கெடுக்கப் பகைவர் இல்லாதபோதும் கெடுவான் என்ற கருத்தை அதில் வைத்தார். டைட்டனுக்கும் பகைவர் எவரும் இருக்கவில்லை. கடல் எவருக்கும் பகையன்று. அது தன் பாரத்தோடு தன்னிடத்தில் இருந்தது. பாலம் கட்டுவோரும், பேருந்து ஓட்டுவோரும், மருந்து கலப்போரும், பள்ளிக்கூடம் நடத்துவோரும், பிழை காட்டும் குரலை வேலைக்கு இடையூறு என எண்ணாது வேலையின் ஒரு பகுதியென எண்ணப் பழகுவோமாயின், அந்த ஐவரின் சாவு முற்றும் வீணாகாது.