தொப்புள் கொடிக்குப் பூச்சு வேண்டாம்

(தாய்மார் கூட்டமொன்றில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்குப் பேசப் போவது சின்ன விசயம்தான். ஆனால் பிள்ளையின் உயிரோடு சம்பந்தப்பட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையைக் கொண்டு வரும்போது தொப்புளில் துண்டுக் கொடி ஒன்று கிளிப் போட்டபடி இருக்கும். அது காய்ந்து, கறுத்து, பெரும்பாலும் 5 நாளிலிருந்து 15 நாளுக்குள் தானாக விழுந்துவிடும். தொங்குகிறதே என்று இழுக்கக் கூடாது. விழும்போது ஒரு சொட்டு இரத்தம் கசிந்தால் பயப்படத் தேவையில்லை.

சீக்கிரம் காயட்டும் என்று அடுப்புச் சாம்பல், மஞ்சள், எண்ணெய், பவுடர் எதையும் போட வேண்டாம். "நாங்க போட்டுத்தானே இத்தனை பிள்ளைகளை வளர்த்தோம்?" என்று பெரியவர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் காலத்தில் பிறந்து ஏழெட்டு நாளில் வாய் இறுகி, பால் குடிக்க முடியாமல், உடம்பு விறைத்துச் செத்த பிள்ளைகளும் உண்டு. அது பேயுமில்லை, தோசமுமில்லை. ஏற்புவலி. மண்ணிலும் சாணியிலும் இருக்கிற கிருமி, அழுக்குக் கத்தியாலும் தொப்புளில் பூசிய பொருளாலும் உள்ளே போனதால் வந்தது. 1969 முதல் கர்ப்பிணித் தாய்மாருக்கு ஏற்பு ஊசி போட்டதாலும், பிரசவம் ஆஸ்பத்திரியில் நடந்ததாலும்தான் நம் நாட்டில் அது அடங்கியது. ஆனால் அந்த ஊசி தொப்புளில் சீழ் பிடிப்பதைத் தடுக்காது. சுத்தமாக, ஈரமில்லாமல் வைப்பதுதான் அதற்கு வழி.

பிள்ளையைத் தொடுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். இடுப்புத் துணியைக் கொடிக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். மழை நாளில் அரைகுறையாகக் காய்ந்த துணியைக் கட்டாதீர்கள். கொடியில் அழுக்குப் பட்டால் கொதித்தாறிய தண்ணீரால் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். தகப்பன்மாரே, தண்ணீர் சுட வைப்பதும் துணி துவைப்பதும் உங்கள் வேலையாக இருக்கட்டும்.

தொப்புளைச் சுற்றிச் சிவந்து வீங்கினாலோ, சீழ், கெட்ட நாற்றம், நிற்காத இரத்தம் இருந்தாலோ, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ, பால் குடிக்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குடும்பநல மாது வரும்வரை காத்திருக்க வேண்டாம். இரவென்றாலும் 1990க்குப் பேசினால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

"நாளைக்குப் பேர் போயிடுமே" என்று தாமதிக்காதீர்கள். போன பேரை இன்னொரு நாள் போடலாம். பிள்ளையை அப்படித் திரும்ப வாங்க முடியாது.