கேப்டன் பாய்காட்

தேர்தல் பாய்காட், வகுப்பு பாய்காட் என்று நாளிதழில் அடிக்கடி கண்ணில் படும் சொல் ஒன்று. அதைப் பாய் என்றும் காட் என்றும் பிரித்துப் பொருள் தேடிப் பயனில்லை. அது ஓர் ஆளின் பெயர்.

அயர்லாந்தின் மேயோ பகுதியில், மாஸ்க் ஏரிக்கரையில், எர்ன் பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தராக இருந்தவர் சார்லஸ் பாய்காட். பட்டாளத்தில் இருந்தவர், ஊருக்குக் கேப்டன். 1880-இல் குடியானவர்கள் குத்தகையில் நூற்றுக்கு 25 குறைக்கச் சொன்னார்கள். பிரபு 10-க்கு மேல் இறங்கவில்லை. பணம் கட்டாதவர்களை வெளியேற்ற நோட்டீஸ் கிளம்பியது.

அதற்குச் சில நாள் முன்பு, செப்டம்பர் 19 அன்று, எனிஸ் நகரில் பேசிய ஐரிஷ் அரசியல் தலைவர் பார்னெல் ஒரு வழி சொல்லியிருந்தார். வெளியேற்றப்பட்டவன் நிலத்தை எடுப்பவனை அடிக்க வேண்டாம். அவனோடு பேசாதீர்கள், கொடுக்கல் வாங்கல் வைக்காதீர்கள் என்றார். மேயோ மக்கள் அதைக் காரியஸ்தர் மீதே பிரயோகித்தார்கள். வேலையாட்கள் நின்றுவிட்டார்கள். கொல்லர் குதிரைக்கு லாடம் அடிக்க மறுத்தார், சலவைக்காரி துணி எடுக்க மறுத்தாள், கடைக்காரர் சாமான் தர மறுத்தார். நம் பேச்சில் சொன்னால் ஊர்விலக்கு. ஆனால் நம் ஊர்களில் பெரும்பாலும் வலியவர் எளியவரைத் தள்ளி வைத்தார்கள். அங்கே நடந்தது தலைகீழ்.

வயலில் கிழங்குகள் கிடந்தன. தோண்ட ஆளில்லை. வெளியூரிலிருந்து 50 பேர் வந்தார்கள். அவர்களுக்குக் காவலாக நூற்றுக்கணக்கில் சிப்பாய்களும் போலீசும். சுமார் 500 பவுன் பெறுமான விளைச்சலை எடுக்க 10,000 பவுன் செலவு என்று அப்போதே கணக்குச் சொன்னார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்தான்!

இந்த ஊர்விலக்குக்குப் பெயர் வைத்தவர் உள்ளூர்ப் பாதிரியார் ஓமாலி என்கிறார், அங்கு சென்றிருந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் ரெட்பாத். விலக்கி வைப்பதற்கு ஆங்கிலத்தில் ஏற்கெனவே 'ஆஸ்ட்ரசைஸ்' என்ற கிரேக்க வழிச் சொல் உண்டு. அது குடியானவர் வாயில் நுழையாது, 'பாய்காட்' என்றே சொல்லலாமே என்றாராம் பாதிரியார். 1880 நவம்பரிலேயே லண்டன் டைம்ஸ் அதை வினைச்சொல்லாகவே அச்சிட்டது. பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்ய மொழிகளுக்கும் அது பரவியது.

அந்த நவம்பர் இறுதியில் பாய்காட் குடும்பத்தோடு ஊரைவிட்டுக் கிளம்பினார். 1897-இல் அவர் இறந்தபோது, அவர் பெயர் ஆங்கிலத்தில் சாதாரண வினைச்சொல்லாகிப் பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.